அடக்கம் மட்டும் பாக்கி

மலர்வளையத்தை மடக்க முடியாது என்பது ஒற்றுவுக்கு அன்று மாலை ஐந்தே காலுக்குத்தான் தெரிந்தது. மாடிப்படி ஓரத்தில் இருந்த மின்மீட்டர் பெட்டிக்குள் அதைத் திணித்துப் பார்த்தார். பாதி வெளியே நின்றது. முழங்காலால் முட்டுக்கொடுத்து அமுக்கினார். வளையம் அவரைத் திருப்பித் தள்ளியது. இரண்டு மாடி கீழே செருப்புச் சத்தம். பதினான்கு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். இடது காலைவிட வலது காலுக்கு அழுத்தம் அதிகம். மனைவிதான். இன்னும் முப்பது படி.

வளையத்தின் குறுக்கே ஊதா நிற ரிப்பன். அதில் தங்க எழுத்தில், 'அண்பு மனைவிக்குக் கண்ணீருடன்'. அந்த அவசரத்திலும் அவருடைய கண் போய் நின்றது மூன்று சுழி ணகரத்தில்தான். சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனா தானாக வெளியே வந்து அதைச் சுழித்தது.

கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன அட்டை அவருடைய பல்லிடுக்கில் இருந்தது. 'உற்றார் வழியாக, உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும். இலவச மாதிரி. அளவு சரியாக இருந்தால் ஆர்டர் செய்யுங்கள்.'

ஒற்று என்பது அச்சகத்தில் வைத்த பட்டப்பெயர். புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பதும், கடைசியில் பொருளடக்கம் போடுவதும் அவர் வேலை. விட்டுப்போன க், ச், த், ப் எந்த இடுக்கில் ஒளிந்திருந்தாலும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். கடைப்பலகை, மருந்துச் சீட்டு, மனைவி பேசும் பேச்சு, எல்லாமே அவருக்குப் புரூஃப்தான்.

உற்றார் என்பது ஒரு கம்பெனி. எல்லோருடைய போனிலும் இருப்பது. பஸ் எப்போது வரும், மழை எப்போது வரும், தலைவலிக்கு எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்று இலவசமாகச் சொல்லும். பதிலுக்கு எதுவும் கேட்காது. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்.

மனைவி மேலே வந்துவிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் கண் சோதித்து, நாள் முழுக்க 'இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா' என்று கேட்டுவிட்டு வருகிறவள். அவளிடம் இவ்வளவு பெரிய வட்டத்தை மறைக்க முடியாது.

"இது யாருக்கு?" என்றாள்.

அட்டையைப் பல்லில் இருந்து எடுத்தார். "யாருக்கும் இல்ல. மாதிரி. சும்மா அனுப்பியிருக்கான்."

அவள் ரிப்பனைப் படித்தாள். சிவப்புச் சுழியைப் பார்த்தாள். கையில் இருந்த தன் போனை ஒருமுறை பார்த்தாள். முகத்தில் இருந்த களை அப்படியே வடிந்துவிட்டது.

"உங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சா?" என்றாள்.

"என்னது?"

அவள் உள்ளே போய் அலமாரியைத் திறந்து நாலு உடுப்பைப் பையில் போட்டாள். "அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க அங்க வராதீங்க. பயமா இருக்கு எனக்கு."

"என்னைப் பாத்தா பயம்?"

பையின் ஜிப் பாதியில் சிக்கியது. இழுத்தாள். அது மூடியதும் போய்விட்டாள்.

அன்று இரவு ஒற்று தூங்கவில்லை. மூன்று நாளாகத் தன் போனில் வந்த விளம்பரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். உறுதியான கைப்பிடி கொண்ட மண்வெட்டி. ஆளுயரச் சாக்கு, ஈரம் கசியாதது. ஒற்றைக் கட்டில். 'தனிமை பழகுவோம்', ஆறு வாரப் பயிற்சி. யாருக்கோ வரவேண்டியது தவறி வந்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். போனை ஒரு துண்டில் சுற்றி, வாஷிங் மெஷினுக்குள் போட்டு, மூடியைச் சாத்தி, மூடி மேல் நிகண்டு ஒன்றையும் தூக்கி வைத்தார்.

விடிந்ததும் ஊரே மாறிவிட்டிருந்தது. கீழ் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் படியில் எதிர்ப்பட்டு, அவர் கையைப் பிடித்து, "எப்போ நடந்தாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க, தூக்கறதுக்கு ஆள் இருக்கோம்" என்றார். இரும்புக்கடைக்காரர் கூப்பிடாமலே வெளியே வந்து, மண்வெட்டிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று காதோடு சொன்னார். வீட்டுக்குத் திரும்பிப் போனை மெஷினில் இருந்து வெளியே எடுத்ததுமே இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கூப்பிட்டார்.

"சார், உங்க ஆயுள் பாலிசியைப் புதுப்பிக்க முடியாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"காரணம் எங்களுக்கே சொல்லல சார். உற்றார்ல இருந்து தகவல் வந்துச்சுன்னாங்க. நீங்க நல்ல மனுஷன். உடம்பப் பாத்துக்கோங்க."

கொலைகாரனுக்கு யார் பாலிசி கொடுப்பார்கள் என்று ஒற்று நினைத்துக்கொண்டார். 

அடுத்தது சகலை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதையும் எழுத்தில் கேட்டே பழக்கப்பட்டவர்.

"சகலை, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மா நேத்துல இருந்து ஒரு வாய் சாப்பிடல. பயந்து போய் இருக்கா. யாரைப் பாத்துப் பயம்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குறா. உங்க வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேர். நான் என்னன்னு நினைக்கிறது?"

"நான் ஒரு எறும்பைக்கூட..."

"எறும்புக்கு யாரும் மலர்வளையம் அனுப்பல. அந்தக் கம்பெனி ஆளுங்களே எழுத்துல குடுக்கணும், இந்த ஆளால ஆபத்து இல்லன்னு. அந்தக் காகிதத்தோட வாங்க. இல்லாம வந்தா லிஃப்டையே நிறுத்தி வெச்சிருவேன். எங்க வீடு ஒன்பதாவது மாடி."

ஒற்று உற்றாருக்குக் கிளம்பினார். மனைவி வேண்டும். மனைவி வேண்டுமானால் காகிதம் வேண்டும்.

உற்றாரின் தலைமையகம் கண்ணாடியால் ஆனது. வெளியில் இருந்து உள்ளே தெரியாது. உள்ளே இருந்து எல்லாம் தெரியும். கதவு அவர் தொடும் முன்பே திறந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் எழுந்து நின்றார். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் 'வரவேற்பு அத்தை' என்று இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. டீ வருது, அரைச் சர்க்கரை. என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? போனை வாஷிங் மெஷினுக்குள்ள போட்டு மேல புத்தகத்தை வேற வெச்சா எங்களுக்கு மூச்சு முட்டாதா?"

ஒற்று வந்த டீயைத் தொடாமல் மேசையிலேயே வைத்தார். "இங்க அதிகாரி யாரு?"

"அதிகாரியா? அந்த வார்த்தையே இங்க கிடையாது. நாங்க எல்லாரும் சொந்தம். மூணாவது மாடியில சம்மதச் சித்தி இருக்காங்க. அவங்களைப் பாருங்க."

சம்மதச் சித்திக்கு இருபத்தாறு வயது இருக்கும். அவர் முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை, அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'சம்மதம்'. இன்னொன்றில் 'சற்றுப் பொறுத்துச் சம்மதம்'.

"என்னைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்கீங்கன்னு பாக்கணும்" என்றார் ஒற்று.

"தாராளமாப் பாக்கலாம். அது உங்க உரிமை. ஆனா நீங்கதான் நீங்கன்னு தெரியணுமே. வேற யாராவது வந்து உங்க விவரத்தைப் பாத்துட்டா என்ன ஆகறது? பத்து விரலையும் வைங்க. கண்ணைக் காட்டுங்க. அந்தச் சுவர் வரைக்கும் நடந்துட்டு வாங்க. இருமுங்க. இப்போ சிரிங்க."

"சிரிப்பு வரலம்மா."

"பரவாயில்ல, பயந்த சிரிப்புன்னு பதிஞ்சுக்கிறேன். அதுக்குத் தனிப் பட்டியல் இருக்கு."

"இதையெல்லாம் யாருக்குக் குடுப்பீங்க?"

சித்தியின் முகம் வாடியது. "குடுக்கிறதா? உங்க விவரத்தை நாங்க யாருக்கும் குடுக்கிறதே இல்ல. பங்காளிகளோட பகிர்ந்துக்கிறோம், அவ்வளவுதான்."

"பங்காளிங்க எத்தனை பேர்?"

"எண்ணூத்துப் பன்னண்டு." பலகையைப் பார்த்தார். "நீங்க இருமினதுக்கு அப்புறம் எண்ணூத்துப் பதினாலு."

"எனக்கு எதுவும் வேண்டாம். என்னை மறந்துருங்க, போதும்."

சித்தி மெல்லிய குரலில், "அப்போ நீங்க மறதி மாமாவைப் பாக்கணும்" என்றார்.

மறதி மாமாவின் அறை முழுக்க அலமாரி. பூட்டுப் போட்ட அலமாரி. அவர் அன்பாக விளக்கினார்.

"மாப்பிள்ளை, ஒருத்தரை மறக்கணும்னா முதல்ல அவரை நல்லா ஞாபகம் வெச்சுக்கணும். இல்லன்னா யாரை மறந்தோம்னு மறந்து, மறுபடியும் சேத்துருவோம். அதனால மறக்க வேண்டியவங்களுக்குன்னு ஒரு பதிவேடு வெச்சிருக்கோம். பேர், முகவரி, முகம், ஏன் மறக்கச் சொன்னார்ங்கிற காரணம். அழியவே அழியாது."

"அந்தப் பதிவேடாவது வெளிய போகாதா?"

"அதுக்குத்தான் மாப்பிள்ளை கிராக்கியே. மறைக்க ஏதோ இருக்கிறவங்கன்னு போட்டா பங்காளிங்க அடிச்சுக்கிட்டு வர்றாங்க. உங்களைச் சேத்துரட்டுமா?"

ஒற்று நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். எனக்கு என் மனைவி வேணும். நான் ஆபத்தில்லாதவன்னு ஒரு காகிதம் வேணும். அதை யார் குடுப்பா?"

"அதெல்லாம் பெரியப்பாதான்."

பெரியப்பாவின் அறை பதினோராவது மாடியில். தரையில் கால் புதையும் கம்பளம். அறுபது வயது மனிதர். எதிரில் உட்காருகிறவரின் முதுகுவலியைக் கேட்காமலே தெரிந்துகொண்டு தலையணை நீட்டினார்.

"உங்க மனைவியை அடக்கம் பண்ணப்போறதா எங்ககிட்ட யாரும் கோள் சொல்லல மாப்பிள்ளை. நீங்களேதான் சொன்னீங்க" என்று ஒரு பொத்தானை அழுத்தினார்.

அறையின் நாலு மூலையில் இருந்தும் ஒற்றுவின் குரல் வந்தது.

'மனைவிய முடிச்சுட்டேன் முதலாளி. வெட்ட வேண்டியதையெல்லாம் வெட்டியாச்சு. நாப்பத்திரண்டுல மட்டும் சிவப்பு கொஞ்சம் அதிகமாப் போச்சு.'

முதலாளியின் குரல்: 'முதுகுல தையல் போடணுமா, இல்ல ஒட்டிடலாமா?'

'தையலே போட்டுருங்க. ஒட்டினா பிரிஞ்சு வந்துரும். அடக்கம் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு மதியத்துக்குள்ள பண்ணிடறேன்.'

தன் குரலைக் கேட்டு ஒற்றுவுக்கே ஒரு கணம் தன் மேல் சந்தேகம் வந்தது. 

"ஐயா, அது புத்தகம். 'மனைவிக்கு நாற்பது மடல்கள்'னு ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர் எழுதினது. அச்சகத்துல சுருக்கி மனைவின்னுவோம். வெட்டினது பத்தியை. நாப்பத்திரண்டு, பக்கம். சிவப்பு, திருத்தின மை. முதுகு, புத்தக முதுகு. அடக்கம்னா பொருளடக்கம். எந்தத் தலைப்பு எந்தப் பக்கத்துலன்னு போடறது."

பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு அழகான மொழி" என்றார். "எங்க இயந்திரத்துக்கு அறுபது மொழி தெரியும். அடக்கம்னா பணிவுன்னு ஒரு அர்த்தம் இருக்கிறதுகூடத் தெரியும். ஆனா பணிவுக்கு விளம்பரம் குடுக்க ஆள் இல்ல. மலர்வளையத்துக்கு இருக்காங்க. விளம்பரக்காரன் இருக்கிற அர்த்தத்தைத்தான் அது எடுத்துக்கும். அது அதோட தர்மம்."

"சரி, நான் கொலைதான் பண்ணப்போறேன்னு நம்பினீங்கள்ல? அப்போ ஏன் போலீஸ்ல சொல்லல? என் மனைவிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். புண்பட்டுவிட்டார் என்பது தெரிந்தது.

"மாப்பிள்ளை, எங்களை யாருன்னு நினைச்சீங்க? உங்க வீட்டு விஷயத்தைப் போலீஸ்கிட்ட போய்ச் சொல்லுவோமா? தனிமனித ரகசியம் எங்களுக்கு உயிர். மலர்வளையக் கடைக்காரங்ககிட்ட மட்டும்தான் சொன்னோம். அப்புறம் மண்வெட்டி. அப்புறம் சாக்கு."

 "என்னை மாதிரி அந்தப் பட்டியல்ல எத்தனை பேர்?"

"நாப்பத்தோராயிரம்."

"அவங்களும் என்னை மாதிரி தப்பாச் சேந்தவங்கதானே?"

பெரியப்பா யோசித்தார். "சொல்லத் தெரியல. இதுவரைக்கும் யாரும் வந்து இல்லன்னு சொல்லல. நீங்கதான் முதல்."

 ஒற்றுவுக்கு அந்த நாற்பத்தோராயிரம் வீடுகளும், அவற்றின் கூடங்களும், கூரியருக்குக் கதவைத் திறக்கும் கைகளும் கண்ணுக்குள் வந்து போயின.

"தப்புன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. அழிச்சிருங்க" என்றார்.

"இங்க அழிச்சுரலாம். ஆனா பங்காளிங்ககிட்ட போயிருச்சே. பங்காளிகிட்ட போனது திரும்பி வந்து எங்கயாவது பாத்திருக்கீங்களா? அதனால சான்றிதழ் தர்றேன். இப்போதைக்கு எங்களால முடிஞ்சது அதான்."

சான்றிதழ் உடனே வந்தது. தடித்த காகிதம், மேலே இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் முத்திரை. ஒற்று படித்தார்.

'இந்நபருக்குத் தம் மனைவியை அடக்கம் செய்யும் எண்ணம் இல்லை என்று நாங்கள் அறிந்த வரையிலும், இன்று மாலை ஆறு மணி வரையிலும் சான்று அளிக்கிறோம்.'

"ஆறு மணி வரைக்குமா?"

"மனுஷ மனசு மாறும் மாப்பிள்ளை. அதுக்கு மேல பொறுப்பேத்துக்க எங்க வக்கீலுங்க விடமாட்டாங்க."

மணி நாலேகால். ஒற்று எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் மனைவி அவ போன்ல எதைப் பாத்துப் பயந்தா? அவளுக்கு என்ன அனுப்பினீங்க?"

பெரியப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு நகர்ந்து வேறு எங்கோ போனது. "அது அவங்க கோப்பு. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் எங்களுக்கு ரெண்டும் தனித்தனிச் சொந்தம். உயிரே போனாலும் சொல்ல மாட்டோம்."

"யார் உயிர்?"

பெரியப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாகுது மாப்பிள்ளை."

கீழே வரவேற்பு அத்தை அவர் தோளில் கை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார். "நல்லா இருங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் ஒற்றுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் இரண்டு சிக்னலில் நின்றது. ஒற்று இறங்கி ஓடினார். வழியெல்லாம் கடைகளின் விளம்பரத் திரைகள் அவர் நெருங்கியதும் மாறின. குளிர்பானம் போய்ச் சாக்கு வந்தது, செருப்பு போய் மண்வெட்டி வந்தது. எதிரே வந்தவர்கள் திரையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஒரு பெண் சாலையின் அடுத்த பக்கத்துக்குக் கடந்து போனாள். சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டார். வியர்வையில் முத்திரை சட்டையில் ஒட்டியது.

சகலை லிஃப்டை ஓடவிட்டிருந்தார். ஒன்பதாவது மாடியில் கதவருகிலேயே நின்று காகிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையைத் தடவி, இரண்டு முறை படித்தார்.

"ஆறு மணி வரைக்கும்னு போட்டிருக்கே."

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு சகலை."

"சரி. பேசிட்டுப் போங்க." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "வாம்மா, உன் வீட்டுக்காரர் சுத்தமாகி வந்துட்டார்."

மனைவி வந்தாள். ஒரே நாளில் கண் குழிந்திருந்தது. ஒற்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார். இன்ஜினியர், நாற்பது மடல், சிவப்பு மை, முதுகுத் தையல், பொருளடக்கம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் ஒருமுறை சிரிப்பு வந்து அடங்கியது.

"இதுக்கா இவ்வளவு தூரம் அலைஞ்சீங்க? மனைவின்னா அந்தப் புத்தகம்தான்னு எனக்குத் தெரியாதா? நாப்பது மடலையும் எனக்குத்தானே படிச்சுக் காட்டினீங்க. வளையத்தைப் பாத்ததுமே அடக்கம்ங்கிற வார்த்தைதான் வினைன்னு புரிஞ்சுபோச்சு."

ஒற்றுவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "அப்போ ஏன் பயந்த?"

"மச்சான், கொஞ்சம் உள்ள போங்க" என்றாள் சகலையிடம். அவர் தயங்கிப் போனார். அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"உங்களைப் பாத்துப் பயந்தேன்னு நான் எப்போ சொன்னேன்?"

"வேற யாரைப் பாத்து?"

"பதினாலு வருஷமா நான் எதைச் சொன்னாலும் பாதியிலயே நிறுத்தித் திருத்துவீங்க. கடையில என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவைகூட நான் முழுசாச் சொல்லி முடிச்சதில்ல. அதனால மத்தியானம் சாப்பிடற நேரத்துல உற்றார்கிட்ட பேச ஆரம்பிச்சேன். அது நடுவுல நிறுத்தாது. எல்லாத்தையும் கேட்டுக்கும்."

"பேசறதுல என்ன..."

"பாத்தீங்களா? இப்பவும்."

ஒற்று வாயை மூடிக்கொண்டார்.

"ஒருநாள் கோபத்துல அதுகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். உங்களைப் பத்தி. கேட்டிருக்கக் கூடாத கேள்வி. மறந்துட்டுப் போயிருப்பேன். அது மறக்கல. மறுநாளே, நேத்துக் கேட்டீங்களேன்னு விளம்பரம் அனுப்புச்சு. சாப்பாட்டுல கலந்தா வாசனை இருக்காது, ருசி இருக்காதுன்னு. தினமும் வந்துச்சு. நாலு மாசமா விலையக் கொறைச்சுக்கிட்டே வந்துச்சு. முதல்ல பாக்காமத் தள்ளிவிட்டேன். அப்புறம் பாத்துட்டுத் தள்ளிவிட்டேன். போன வாரம் படிச்சுப் பாத்தேன்."

கீழே எங்கோ லிஃப்ட் நின்று கதவு திறக்கும் சத்தம்.  

"படிச்ச அன்னைக்கே பயந்துபோய் அந்தப் பெரியப்பாகிட்ட ஓடினேன்" என்றாள். "நீங்க கேட்ட இதே காகிதத்தைத்தான் நானும் கேட்டேன். இவளால வீட்டுக்காரருக்கு ஆபத்து இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, அதை வெச்சு என்னை நானே நம்பிக்கிறேன்னு கெஞ்சினேன். தலையணை குடுத்தார், டீ குடுத்தார், ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். காகிதம் மட்டும் தரல. 'உங்க பதிவை மூணு தடவை கேட்டுட்டோம்மா, அதுல ஒரு வார்த்தையைக்கூட நாங்க தப்பாப் புரிஞ்சுக்கல'ன்னு சொல்லி அனுப்பிட்டார்."